பிஸ்கட் டப்பாவுக்குள் என் தம்பி

என் தம்பி பொண்டாட்டி பிரின்ஸிக்கு எதையும் பயன்படுத்தத் தெரியாது. பத்திரப்படுத்தத்தான் தெரியும். சோபா வாங்கிப் பத்து வருஷமாகியும் அதன் மேலிருந்த பிளாஸ்டிக் கவரை எடுக்கவில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தோல் உரிந்து வரும். டிவி ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் உறை, அதற்கு மேல் ஒரு ரப்பர் பேண்ட். நல்ல பீங்கான் தட்டுகள் எல்லாம் ஷோகேஸில். நாங்கள் சாப்பிடுவது விளிம்பு நெளிந்த எவர்சில்வரில். "ஏட்டி, இதெல்லாம் யாருக்கு வெச்சிருக்க? ஏசு திரும்பி வரும்போது அவருக்குச் சோறு போடவா?" என்று நான் கேட்பதுண்டு. சிரிப்பாளே தவிர, எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் கையில் செத்துப்போன புருஷனின் குரலைக் கொடுத்தால் அவள் வேறென்ன செய்வாள்?

நான் எமிமா. தூத்துக்குடியில் ஒரு காலத்தில் 'எமிமா டிரைவிங் ஸ்கூல்' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. பாதி ஊருக்குக் கிளட்ச்சை மிதிக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். திட்டித் திட்டித்தான் கற்றுக் கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. அப்புறம் ஸ்டியரிங்கே இல்லாத கார்கள் வந்தன. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஆகவே இந்தப் பேசும் கார்கள் மீது எனக்குப் பிரியம் இருக்க ஒரு காரணமும் இல்லை.

தம்பி செல்வின் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் கிடப்பான். பிரின்ஸியும் மகள் ரெனிட்டாவும் தனியாக இருக்கிறார்களே என்றுதான் அந்தக் காரை வாங்கினான். அவன் கப்பலேறிய சில மாதம் கழித்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போக முதல்முறை அதில் ஏறினேன்.

"யக்கா, பைய ஏறு. முட்டுவலி எப்படி இருக்கு?" என்றது கார்.

என் தம்பியின் குரல். அவனுடைய அதே இழுப்பு, அதே கேலி. ஏற வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் பிரின்ஸி, சாவியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, "அவுகதான் மைனி, பயப்படாதீங்க" என்றாள். பெட்டிக்கடைக்குப் போனாலும் அந்தச் சாவியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருப்பாள்.

அன்றைக்கே செல்வினைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் கப்பல் பிரேசிலில் நின்றிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தான்.

"நாந்தாம்க்கா அது. லீவுல இருந்தப்ப உள்ள உக்காந்து நான் பேசுனதெல்லாம் கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்கு. நான் இல்லாத நேரத்துல என்னய மாதிரிப் பேசும். புதுசா ஒண்ணு கேட்டாலும் நான் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொல்லும்."

"காராடா படிச்சுது?"

"காரு இல்ல, சாவி. முன்னால காருக்குள்ளயும் கம்பெனி கம்ப்யூட்டர்லயும்தான் வெச்சிருந்தான். மனுஷன் குரலத் திருடி, பேங்க்ல பணம் எடுக்க ஆரம்பிச்சானுவல்லா? அப்புறம் சட்டம் போட்டுட்டான். ஓனரோட பேச்சு ஓனர் கையில இருக்க சாவியில மட்டுந்தான் இருக்கணும். வேற எங்கயும் காப்பி கிடையாது."

"சாவி பேட்டரி தீந்துட்டா? மாத்திக்கலாமா?"

"மாத்த முடியாது, மூடி ஒட்டியிருக்கும். ஓனரோட கைச்சூட்டுலதான் சார்ஜ் ஏறும். சுத்தமாத் தீந்துட்டா உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சிடும். திருட்டுப்பய கையில கெடச்சா அவனுக்கு ஒண்ணும் கெடைக்கக் கூடாதுல்லா, அதுக்குத்தான்."

"நல்ல கண்டுபிடிப்பு, போ" என்று போனை வைத்தேன். ஆனாலும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்புறம் காரணமே இல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் பல தடவை போனேன்.

செல்வின் செத்தது லீவில் வந்திருந்தபோது. காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிரின்ஸியும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக் காரில் போட்டார்கள். கார் பறந்தது. இதை அவள் அடக்கம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னாள்.

"மடியில அவுக தலை, மைனி. பாதி மொகத்துல சோப்பு நொரை. அவுகளால பேச முடியல. முன்னாலருந்து அவுக சத்தம் கேக்கு. 'பிரின்ஸி, பயப்படாத. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன். வந்துட்டோம், வந்துட்டோம்'னு. நான் எந்தப் பக்கம் பாக்க? கீழ பாத்தா ஆளு இருக்கு, சத்தம் இல்ல. முன்னால சத்தம் இருக்கு, ஆளு இல்ல. ஆஸ்பத்திரி வாசலுக்கு வாரதுக்கு முன்னாலயே கீழ இருந்தவுக போயிட்டாவ. அந்தச் சத்தம் மட்டும் வந்துட்டோம் வந்துட்டோம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அப்போதே எனக்குப் பயமாக இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களின் கூட்டம் ஓய்ந்தபோதுதான் சாவியைப் பார்த்தோம். வாசலில் ஆணியில் தொங்கிக் கிடந்தது. அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ரெனிட்டாதான் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவும் இடத்தில் வேலை பார்க்கிற பெண். இந்த மாதிரி விஷயங்களை நாங்கள் அவளிடம் விட்டுவிடுவோம்.

"ஓனர் தவறிட்டாங்க. சாவியில மஞ்சள் லைட் வருது. என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் காயத்ரி என்று ஒரு பெண் பேசினாள். இதமான குரல், என்னைப் போல வைகிற நாக்கு இல்லை. "ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஓனர் தவறிட்டா இனிமே சார்ஜ் ஏறாது. இருக்கிறத மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். காருக்குப் பக்கத்துல வெக்காதீங்க. பக்கத்துல இருந்தா ராத்திரி பூரா காரும் சாவியும் ஒண்ண ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அதுலயே பேட்டரி போயிடும். ஒரு தகர டப்பாவுல போட்டு மூடித் தூரமா வைங்க. வெயில் ஆகாது. அடிக்கடி கையில எடுக்காதீங்க, அசைஞ்சா முழிச்சுக்கும். தொடாமலே வெச்சா வருஷக்கணக்குல கூடத் தாங்கும்."

தொடாமலே வைப்பது. பிரின்ஸிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை யார் கொடுக்க முடியும்!

கிறிஸ்துமஸுக்கு வந்த பிஸ்கட் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, உள்ளே பஞ்சு வைத்து, சாவியை ரெனிட்டாவையே எடுத்து வைக்கச் சொன்னாள். டப்பாவை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்கள் வீடு மூன்று தெரு தள்ளி. கார் அவள் வீட்டில், சாவி என் பீரோவில். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வருவாள். "மைனி, டப்பா" என்பாள். எடுத்துக் கொடுப்பேன். மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். திறக்க மாட்டாள். போகும்போது தூங்குகிற பிள்ளையைக் கொடுப்பது மாதிரி அலுங்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, காருக்குள்ள போயி உக்காந்து ஒரேயொரு தடவ கேளு. அவன் குரலக் கேட்டு வாய்விட்டு ஒப்பாரி வெச்சு அழு. தீந்தா தீந்துட்டுப் போவுது. இப்படிப் பூட்டி வெச்சு என்னத்தக் கண்ட?"

"ரெனி கல்யாணத்துக்கு வேணும், மைனி."

"கல்யாணத்துக்கா?"

"கோயிலுக்குள்ள அப்பன் கையப் பிடிச்சுல்ல பொண்ணு வரணும். அது இனி முடியாது. கோயில் வாசல் வரைக்குமாவது அவுக கூட்டிட்டு வரட்டும். வீட்டுலருந்து கோயிலுக்குப் போற வழி பூராம் அவ அவுககிட்டப் பேசிக்கிட்டே போவட்டும். அது வரைக்கும் நான் கேக்க மாட்டேன். நான் கேட்டா கொறஞ்சிரும்."

எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பேசும் காரை வெறுத்த நான், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் டப்பா அசையாமல் துணியை உருவக் கற்றுக்கொண்டேன்.

ரெனிட்டாவுக்கு மட்டும் இதில் மனமில்லை. "அத்தை, அது அப்பா இல்ல, மெஷின். அம்மா அத வெச்சுக்கிட்டு உயிரோட சமாதி கட்டுறாங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். "நீ உங்கம்மாகிட்டச் சொல்லேன்" என்றேன். சொல்லவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது, எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அமைந்தது. சாத்தான்குளத்துப் பையன், நல்ல குணம். மே மாதம் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்தாயிற்று. அப்போது பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். கல்யாணம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. சேதி வந்ததும் ஊரே சம்பந்தியின் உடம்பை விசாரித்தது. பிரின்ஸி வெளுத்துப்போய் என் வீட்டுக்கு ஓடி வந்து, "டப்பா தாங்குமா, மைனி?" என்றாள்.

"வெளங்குமாட்டி உனக்கு! அங்க ஒரு மனுஷன் நெஞ்சத் திறந்து படுத்திருக்கான்" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. மடிச்சூட்டுக்குப் பேட்டரி கெட்டுவிடுமோ என்று தரையில் வைத்து எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று காலை வானம் வெளுப்பாக, நல்ல கடல்காற்று. காருக்கு ரோஜாப்பூ ஜோடித்திருந்தார்கள். ரெனிட்டா வெள்ளைப் பட்டு உடுத்தி, தலையில் நெட் போட்டு, ராணி மாதிரி வாசலில் நின்றாள். நான் டப்பாவைக் கொண்டுவந்து பிரின்ஸியிடம் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்தாள். சாவியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"இருக்கு, மைனி! இருக்கு!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்று கூட நான் பார்த்ததில்லை. சாவியை அப்போதும் அவள் தொடவில்லை. டப்பாவை மகளிடம் நீட்டினாள். "எடு மக்கா. அப்பாவக் கூப்பிடு."

ரெனிட்டா சாவியை எடுத்துக்கொண்டு போனாள். கதவு தானாகத் திறந்தது. அவள் பின்சீட்டில் உட்கார, ஒரு பக்கம் பிரின்ஸி, மறுபக்கம் நான். உள்ளே எல்லா விளக்கும் எரிந்தன.

"ரெனி, வந்துட்டியா? பெல்ட்டப்..."

அவ்வளவுதான். விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. பிறகு ஒரு பெண் குரல், விமான நிலையத்தில் கேட்பது போன்ற குரல், பேசியது. "வணக்கம். உங்கள் புதிய வாகனத்திற்கு நல்வரவு. உரிமையாளரின் பெயரைச் சொல்லவும்."

ரெனிட்டா சாவியை அழுத்தினாள், மறுபடி மறுபடி அழுத்தினாள். சிவப்பு விளக்குக் கூட இல்லை. வெளியே போட்டோக்காரர் எங்களைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உரிமையாளரின் பெயரைச் சொல்லவும்."

"பெல்ட் போடச் சொன்னாவ" என்றாள் பிரின்ஸி. குரல் நடுங்கவில்லை. "போடு மக்கா. அப்பா சொன்னாவல்லா." பட்டுச் சேலை கசங்க, மாலை நசுங்க, அவளே குனிந்து மகளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டாள். ரெனிட்டா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மெஷின் என்று சொன்னவள்.

"உரிமையாளரின் பெயரைச் சொல்லவும்."

"செல்வின்!" என்று நான் கத்தினேன். "செல்வின்னு எழுதிக்க, சனியனே! செல்வின்!"

"நன்றி, செல்வின். எங்கே போக வேண்டும், செல்வின்?" என்றது அது.

கோயிலுக்குத்தான் போனோம். எங்கள் சபை ஐயர் ஜெபம் செய்தார், மோதிரம் மாற்றினார்கள், ஐந்நூறு பேர் சாப்பிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தோஷமாக ஊருக்குப் போனார்கள். போகும்போது ரெனிட்டா சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். "அம்மா கண்ணுல படாம வெச்சுக்கோங்க, அத்தை."

கண்ணில் படாமல் வைக்கவா! மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வருஷக்கணக்கில் தாங்கும் என்றாயே, ஒரு நிமிஷம் தாங்கவில்லையே என்று அந்தக் காயத்ரியை நாலு வார்த்தை கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஒல்லியான பெண். நான் கத்துவதை எல்லாம் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு சாவியை வாங்கி ஒரு பலகை மேல் வைத்துத் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பிரின்ஸிங்கறது யாரு?"

"என் தம்பி பொண்டாட்டி. ஏன்?"

"அவங்க... இருக்காங்களா?"

"இருக்காம என்ன? நேத்துத்தான் மகளக் கட்டிக் கொடுத்தா."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "இந்தச் சாவிக்கு ஓனர் ரெண்டு பேரும்மா. டெலிவரி எடுத்த அன்னிக்கே சார் ரெண்டு பேர் கையையும் பதிஞ்சிருக்காரு. ஷோரூம்ல ஜோடியா நின்னு சாவியப் பிடிப்பாங்கல்ல, அப்ப. நிறையப் பேரு அது போட்டோவுக்குன்னு நெனச்சுக்குவாங்க."

எனக்குப் புரியவில்லை.

"பேச்சு அழிஞ்சாலும் சார்ஜ் ஏறுன கணக்கு அழியாது. இங்க பாருங்க. சார் கையில ஏறினது கொஞ்சந்தான். மத்ததெல்லாம் அவங்க கையிலதான் ஏறியிருக்கு. சார் தவறின நாளோட நின்னிருக்கு. அதுக்கப்புறம் அவங்க இதத் தொடவே இல்லயே, ஏம்மா? சும்மா கையில வெச்சிருந்தாலே போதுமே. அவங்க இருக்கிற வரைக்கும் சார் பேசியிருப்பாரே."

"நீதானட்டி தொடாதேன்னு சொன்ன!"

"ஓனர் தவறிட்டாங்கன்னு சொன்னீங்க. ஓனர் தவறிட்டா என்ன சொல்லணுமோ அதச் சொன்னேன். எத்தன பேருன்னு நானும் பாக்கல." அவள் கண்ணில் நீர் முட்டியது. "சாவியில கோளாறு இல்லம்மா. காலியான சாவியில ஓனர் கை பட்டா பச்சை லைட் வந்து மறுபடி ஏற ஆரம்பிச்சுடும். ஆனா உள்ள சார் இருக்க மாட்டாரு."

எனக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. செல்வின் பிரேசிலில் கிடந்தபோது இந்தச் சாவி இங்கே யார் சூட்டில் உயிரோடு இருந்தது? ராக்கெட் விடுகிறவளும் யோசிக்கவில்லை, நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இதைப் பிரின்ஸியிடம் சொல்ல மாட்டேன். சாகும்வரை சொல்ல மாட்டேன்.

அவள் வீட்டில் கல்யாணப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தது. பிளாஸ்டிக் கவர் போட்ட அந்தச் சோபாவில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சர்வீஸ்காரங்ககிட்டப் போனீயளா, மைனி? என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க. பேட்டரி தீந்துட்டாம். அதோட ஆயுசு அம்புட்டுத்தானாம்."

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணலயே?"

"நீ என்ன தப்புப் பண்ணுன?"

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, மைனி. தெனமும் அந்த டப்பாவ மடியில வெச்சிருக்கும்போது கை துடியாத் துடிக்கும். திறந்து, எடுத்து, நெஞ்சோட வெச்சு ஒருக்கா அமுக்கிக்கிடணும்னு இருக்கும். சத்தங்கூட வேண்டாம், சும்மாப் பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்னு இருக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். என் கை ஆச அவுகளத் தீத்துரக் கூடாதுன்னு இருந்தேன். அதனாலதான் அந்த ஒரு வார்த்தையாவது ரெனிக்குக் கெடச்சுது. அந்த மட்டுக்கும் நான் காப்பாத்துனேம்லா?"

"ஆமாட்டி" என்றேன். "நீதான் காப்பாத்துன."

அவள் முதல்முறையாக அழுதாள். சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதாள். அவளுக்குக் கொடுக்கக் கைக்குட்டை எடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். அவள் உள்ளே பார்த்துவிட்டாள்.

"சாவி இங்கதான் இருக்கா? இனி தீர ஒண்ணும் இல்லல்லா, மைனி? இனிமே நான் தொடலாம்லா?"

நான் பையை மூடுவதற்குள் கையை விட்டு எடுத்துவிட்டாள். இரண்டு கையாலும் பொத்திக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரலிடுக்கில் சின்னதாகப் பச்சை வெளிச்சம் தெரிந்தது. அவள் பார்ப்பதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, கையை விரித்துப் பார்த்தாள்.

"மைனி, இது ஏன் என் கையில எரியுது?" என்று கேட்டாள்.